சிரிக்கும் பிணங்களும் சின்ன வெங்காயமும்

செத்தவர்கள் எல்லாரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். உயிரோடு இருக்க வேண்டிய சிவரஞ்சனியைத்தான் இன்னும் காணவில்லை.

கதிர் ஒடித்து முடித்த மக்காச்சோளக் காட்டின் வரப்பில் பஞ்சவர்ணமும் அவளோடு நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் அரிசி மாவும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசிய வெள்ளை. கண்ணுக்குக் கீழே அடுப்புக்கரி. வாயோரம் வழிகிற மாதிரி பீட்ரூட் சாறு. அந்தக் கோலத்தோடு ஆளுக்கொரு தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மாங்காய் ஊறுகாயைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு ஒன்று பஞ்சவர்ணத்தின் கன்னத்தை நக்கிப் பார்த்துவிட்டுப் போனது.

"அத்தை, சாப்பிட்டா பீட்ரூட்டு கலைஞ்சிரும்" என்றான் பிரேம்.

"செத்தவளா இருந்தாலும் பசிக்காதாடா? நீதானே சொன்ன, இவங்க செத்த பொறவு மனுசனையே திங்கறாங்கன்னு. நாங்க கஞ்சிதானே குடிக்கறோம்?"

வரப்பே சிரித்தது. மேகலாவும் சிரித்தாள். ஆனால் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று, சத்தம் வராமல். அவள் சிரிப்பது அப்படித்தான். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடைக்குப் போனால் வேண்டிய பொருளின் பெயரைச் சொல்லாமல் விரலால் காட்டுகிறவள். யாராவது போட்டோ எடுக்க வந்தால், "நான் எடுக்கறேன்" என்று முதலில் போனை வாங்கிக்கொள்கிறவள். எடுக்கிற ஆள் படத்தில் இருக்கமாட்டார் என்பதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அப்படி எடுத்து எடுத்து, கையும் நன்றாகப் பழகிவிட்டது.

அதனால்தான் அண்ணன் பிரேம் தன் ஜோம்பி படத்துக்கு அவளைக் கேமராவைப் பிடிக்கச் சொன்னான். பிரேம் பெரம்பலூரில் செல்போன் கடையில் ரிப்பேர் பார்க்கிறான். சரிசெய்த போன்கள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்ப்பதற்காக அவன் ஓட்டிப் பார்த்ததெல்லாம் ஜோம்பி படங்கள்தான். அதிலும் ஒரு வகையில் அவனுக்குக் கிறுக்குப் பிடித்திருந்தது. படத்தில் இருக்கிற ஒருவரே கையில் கேமராவைப் பிடித்து எடுத்துக்கொண்டிருப்பார். கடைசியில் எல்லாரும் செத்துப்போவார்கள். அந்தக் கேமரா மட்டும் யார் கையிலாவது கிடைக்கும். நாம் பார்ப்பது அப்படிக் கிடைத்த படத்தை. ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என்று அதற்குப் பெயர்.

"நமக்குன்னே கண்டுபுடிச்ச மாதிரி இருக்கு பாப்பா" என்பான். "லைட்டு வேணாம். மியூசிக் வேணாம். கை ஆடினா தப்பு இல்ல, ஆடணும். பேயை முழுசா காட்டவே கூடாது. சோளத்தட்டைக்கு நடுவுல ஒரு கை, ஒரு கால், அவ்வளவுதான். மிச்சத்த பாக்கறவனே மனசுல கட்டி பயந்துக்குவான்."

மேகலாவுக்குப் பேய் மேல் ஆசை இல்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜோதி அக்கா, கல்யாணம், சடங்கு வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குப் புடவை கட்டுகிற அறை, நலுங்கு, மஞ்சள் நீராட்டு என்று ஆண்கள் கேமராவோடு நுழைய முடியாத இடங்களுக்கு. மாசி முகூர்த்தம் தொடங்குவதற்குள் ஆள் வேண்டும். இந்தச் சேதியைக் கேட்ட நாளிலிருந்து மேகலாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிரேமைக் கூட்டிக்கொண்டு போய் நின்றாள். பிரேம்தான் பேசினான்.

ஜோதி அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எடுத்தது ஏதாச்சும் காட்டு. துண்டு துண்டா வேணாம். நிறுத்தாம எடுத்ததா இருக்கணும். கல்யாணத்துல ஒன்மோர் கேக்க முடியாது."

பிரேம் உடனே, சோளக்காட்டில் ஒத்திகைக்காக மேகலா எடுத்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினான். பஞ்சவர்ணமும் கூட்டமும் தட்டைகளை ஒதுக்கிக்கொண்டு வருகிறார்கள், கேமரா பின்வாங்கி ஓடுகிறது. ஜோதி அக்கா கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

"கை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லு. இந்தக் கேமராவ புடிச்சிருக்கறவ யாரு?"

"கதையில அவ அக்காக்காரி. தங்கச்சிய ரீல்ஸ் எடுக்கறதுக்காக காட்டுக்கு வந்தவ" என்றான் பிரேம்.

"அவளுக்கு வாயே இல்லையா? அம்புட்டு பேரு கடிக்க வர்றாங்க, ஒரு 'ஐயோ' கூட காணோம். ஆளே இல்லாம கேமரா தானா பறந்து போற மாதிரி இருக்கு. அது போவட்டும். தங்கச்சிய புடிச்சு இழுக்கறாங்க, இவ போனை கீழ போட்டுட்டு காப்பாத்தாம எதுக்கு எடுத்துக்கிட்டே நிக்கறா? எனக்குப் பேய் மேல வராத கோவம் இவ மேல வருது."

அந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் அந்த ஓட்டை இருக்கிறது, அதை யாரும் அடைத்ததில்லை என்று மட்டும் பிரேம் சொன்னான். ஜோதி அக்கா, "சரி, நல்லதா ஒண்ணு எடுத்துட்டு திங்கக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மேகலாவின் வேலை, அவள் கையிலிருக்கும் போனில் இன்றைக்கு ஏறப்போகிற படத்தில் இருந்தது.

சிவரஞ்சனி ஒருவழியாக வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண், நர்சிங் படிக்கிறாள். பேய் துரத்துகிற பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு லிப்ஸ்டிக் என்று பிரேம் கேட்டதற்கு, "சாவறப்பவாச்சும் நல்லா இருக்கேனே ணா" என்றாள்.

படப்பிடிப்பு தொடங்கியது. தொடங்கிய உடனே சிக்கலும் வந்தது.

கதைப்படி சிவரஞ்சனி ஒரு சோளத்தட்டையைப் பிடுங்கி, முதலில் வருகிற பிணத்தின் மண்டையில் அடிக்க வேண்டும். அது விழ வேண்டும். விழுந்து கிடக்க வேண்டும். பஞ்சவர்ணம் அழகாக விழுந்தாள். பிறகு எழுந்து, மாராப்பைச் சரிசெய்துகொண்டு, கேமராவை நேராகப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.

"கட்! அத்தை, என்னா பண்றீங்க?"

"சிரிச்சேன்."

"எதுக்கு?"

"அது தெரியாதா உனக்கு? செத்த மாதிரி நடிச்சா, எந்திரிச்ச உடனே கேமராவ பாத்து சிரிச்சிரணும். சினிமாக்காரங்களே அப்படித்தான் செய்யறாங்களாம். டிவில சொன்னாங்க. சிரிக்காம போனா ஆவாது. எனக்குப் பேரன் பொறக்கப் போற நேரம்."

மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அடுத்த முறை இருசம்மாள் விழுந்தாள், எழுந்து சிரித்தாள். அதற்கடுத்த முறை மூன்று பேர் விழுந்து மூன்று பேரும் சிரித்தார்கள். எல்லாரும் முடித்த பிறகு தனியாக வரிசையில் நின்று சிரித்துக்கொள்ளலாம் என்று பிரேம் கெஞ்சினான்.

"கேமரா ஓடறப்பதான் சிரிக்கணும். நின்ன பொறவு சிரிச்சா யாருக்குடா தெரியும்?"

"சரி அத்தை, நிறுத்தமாட்டோம். ஒரே ஷாட்டு. கடைசியில ரோட்டுகிட்ட வந்து முடிச்சதும், பாப்பா கேமராவ காட்டுவா. எல்லாரும் ஒண்ணா சிரிச்சுக்குங்க. நடுவுல மட்டும் யாரும் சிரிக்கக் கூடாது."

பஞ்சவர்ணம் யோசித்தாள். பேரன் விஷயம். "கட்டாயமா காட்டணும். ஏமாத்திடாத மேகலா."

மேகலா தலையாட்டினாள்.

"நீயும் வாயத் தொறந்து கத்தணும், சரியா?" என்றான் பிரேம் அவளிடம். அதற்கும் தலையாட்டினாள். இரண்டாவது தலையாட்டல் பொய் என்று அவளுக்கே தெரிந்தது. போனை நெற்றிக்கு நேராகத் தூக்கி ஒத்திகை பார்த்தாள். 'ஐயோ' என்ற சொல் தொண்டைவரை வந்து, அங்கேயே காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது.

ஆனாலும் அந்த ஷாட் நன்றாகத்தான் போனது. காய்ந்த தட்டை சரசரக்கிற சத்தம், இடையில் தெரிகிற வெள்ளைக் கைகள், சிவரஞ்சனியின் துப்பட்டா முள்ளில் மாட்டிக்கொண்டு உண்மையாகவே கிழிந்தது, அதற்கு அவள் உண்மையாகவே அலறியது. மேகலா பின்பக்கமாகவே ஓடினாள். காலுக்குக் கீழே வரப்பு எங்கே வரும், எங்கே முடியும் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. விழுந்த பிணங்கள் ஒழுங்காக விழுந்து கிடந்தன. சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்ததால் அவர்கள் முகம் இன்னும் கோரமாக இருந்தது. சிவரஞ்சனி தார்ரோட்டில் ஏறினாள். கிடந்தவர்கள் எழுந்து, கையை நீட்டிக்கொண்டு, சோளக்காட்டிலிருந்து மொத்தமாக ரோட்டுக்கு வந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வளைவில் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி வந்தது. அரியலூருக்குச் சின்ன வெங்காயம் கொண்டுபோகிறவர். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் அவர். பட்டப்பகலில், ஆளில்லாத ரோட்டில், வெள்ளை முகங்களும் வாயில் ரத்தமுமாக ஒரு கூட்டம் தன்னை நோக்கி வருவதைப் பார்த்தார். வண்டியை எந்தப் பக்கம் திருப்பினாரோ, அது வாய்க்காலுக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. மூட்டை வாய் பிளந்து வெங்காயம் ரோடெல்லாம் ஓடியது. அவர் கால் வண்டிக்கு அடியில்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் ரோட்டில் ஒருவர் விழுந்தால் யோசித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். "அடப் பாவமே!" என்று பிணங்கள் எல்லாம் ஓடின. கையை நீட்டிக்கொண்டு ஓடின, தூக்கிவிடத்தான்.

அவர் போட்ட சத்தம் அரியலூர் வரைக்கும் கேட்டிருக்கும். "ஆத்தா! மாரியாத்தா! நான் ஒண்ணும் பண்ணல!"

"யப்பா, பயப்படாதப்பா! நாங்க நூறு நாள் வேலைக்காரங்க!" என்று பஞ்சவர்ணம் குனிந்தாள். அவர் காலை உருவ முடியாமல் கைகளால் மண்ணைப் பிறாண்டினார். "ஏ, பயந்துட்டாருடி. சிரிங்கடி எல்லாரும்" என்றாள் அவள். உடனே எல்லாரும் அவரைச் சுற்றி நின்று, பீட்ரூட் பற்களைக் காட்டிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவரிடமிருந்து சத்தமும் வரவில்லை.

மேகலா போனை இறக்கவில்லை. திரையில் எல்லாம் சரியாக விழுந்திருந்தது. வலது ஓரத்தில் கவிழ்ந்த வண்டியின் சக்கரம் இன்னும் சுற்றியது. நடுவில் வெள்ளை முகங்கள் வட்டமாக. அவற்றுக்குக் கீழே விரல் அளவுக்கு ஒரு மனிதர். இதுபோல இனி எத்தனை வருஷம் எடுத்தாலும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. பின்னால் பிரேம் மூச்சுக்குள், "விடாத பாப்பா, விடாத, விடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நிறுத்தாமல் எடுத்த படம். நாளைக்குத் திங்கட்கிழமை.

கீழே கிடந்தவர் ஏதாவது ஒரு மனித முகத்தைத் தேடிக் கண்ணைச் சுழற்றினார். சிவரஞ்சனி கூட்டத்துக்குப் பின்னால். பிரேம் புதருக்குப் பின்னால். அவர் கண்ணுக்குத் தெரிந்த மாவு பூசாத முகம் ஒன்றே ஒன்றுதான். அதிலும் பாதியைப் போன் மறைத்திருந்தது. அவர் அந்தப் பாதியைப் பார்த்தார்.

மேகலா போனை வெங்காய மூட்டை மேல் சாய்த்துவிட்டு வாய்க்காலில் இறங்கினாள்.

"ஐயா, இங்க பாருங்க. என்னைய பாருங்க." குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. "நான் வீரமுத்து மவ. இந்தா, இந்த ஊருதான். இவங்கல்லாம் வேசம் போட்டிருக்காங்க. மாவு, வெறும் அரிசி மாவு. அந்தப் பக்கம் பாக்காதீங்க, என்னையவே பாருங்க." பிறகு தலையை நிமிர்த்திக் கத்தினாள்: "அத்தை, சிரிக்காதீங்க! எல்லாரும் அந்தாண்ட திரும்புங்க!"

அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை ஊரில் யாரும் கேட்டதில்லை. பிணங்கள் ஒன்றுபோலத் திரும்பி முதுகைக் காட்டி நின்றன.

"உங்க பேரு என்னாங்கய்யா?"

"அரியமுத்து" என்றார் அவர், பள்ளிக்கூடத்தில் பேர் சொல்கிற பையனைப் போல.

"அண்ணே, வண்டிய தூக்கு! அங்கயே நிக்காத!" பிரேம் வந்து தூக்கினான். சிவரஞ்சனி லிப்ஸ்டிக்கோடு குனிந்து கணுக்காலைத் தொட்டுப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, பிசகியிருக்கிறது என்றாள். கிழிந்த துப்பட்டாவால் கட்டினாள். தண்ணீர் குடித்த பிறகு அரியமுத்துவுக்குக் குரல் திரும்பி வந்தது. வந்த குரலால் பிரேமை அவன் வம்சத்தோடு சேர்த்துத் திட்டினார். பிரேம் எல்லாவற்றுக்கும் "ஆமாங்கய்யா" என்றான். பிணங்கள் ரோடு முழுக்கக் குந்தி ஒவ்வொரு வெங்காயமாகப் பொறுக்கின. எதிரே வந்த கார் ஒன்று தூரத்திலேயே நின்று, யோசித்து, வந்த வழியே திரும்பிப் போனது.

எல்லாம் அடங்கிய பிறகு பஞ்சவர்ணத்துக்கு ஞாபகம் வந்தது. "ஏ மேகலா, அந்தக் கேமரா ஓடுதா, நின்னுடுச்சா?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் பெரம்பலூர் போகிறவரைக்கும் பிரேம் திட்டம் சொல்லிக்கொண்டே வந்தான். "வண்டி விழுதில்ல, அதோட வெட்டிட்டேன். அதுக்கு மேல காட்டாத. நல்ல முடிவு. அதுக்கப்புறம் நீ போனை போட்டுட்ட, வெறும் வெங்காயம்தான் தெரியுது. அத காட்டினா உன் வேலை காலி."

ஜோதி அக்கா அவன் வெட்டிக் கொடுத்ததைப் பார்த்தாள். தட்டை சரசரத்தபோது ஒருமுறை சிரித்தாள். பஞ்சவர்ணம் விழுந்தபோது இன்னொருமுறை. டிவிஎஸ் விழுந்ததும் படம் நின்றது.

"இதென்ன, இங்கயே முடிஞ்சிருச்சு?"

"அவ்வளவுதாங்க்கா" என்றான் பிரேம்.

"நிறுத்தாம எடுத்தது வேணும்னு கேட்டேனே."

மேகலா தன் போனை எடுத்து, வெட்டாத படத்தைப் போட்டு, மேஜையில் வைத்தாள். பிரேம் அவள் காலை மிதித்தான்.

வண்டி விழுந்தது. வெள்ளை முகங்கள் சிரித்தன. ஜோதி அக்கா நாற்காலி ஆடுகிற மாதிரி சிரித்தாள். பிறகு படம் குலுங்கி, சாய்ந்து, கோணலாக நின்றது. பெரிதாகத் தெரிந்த நாலைந்து வெங்காயம். அவற்றுக்குப் பின்னால் மங்கலாக ரோடு. ஆள் யாரும் இல்லை. ஒருவர் மூச்சு இழுக்கிற சத்தம். "என்னைய பாருங்க" என்று ஒரு பெண் குரல். ஒரு வெங்காயம் தானாக உருண்டு நின்றது. ஜோதி அக்கா சிரிப்பதை எப்போது நிறுத்தினாள் என்று மேகலா கவனிக்கவில்லை. அவள் முன்னால் குனிந்து, முழங்கையை மேஜையில் ஊன்றியிருந்தாள்.

"அந்தாளுக்கு என்ன ஆச்சு? காலு போயிருச்சா?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

யாரும் பதில் சொல்வதற்குள், வெங்காயத்துக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளை முகம் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து, திரை கொள்ளாமல் சிரித்தது. ஜோதி அக்கா "யம்மா!" என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். அதற்குப் பின்னால் இன்னொரு முகம். இன்னொன்று. ஒவ்வொருத்தியாகக் குனிந்து, சிரித்து, போய்க்கொண்டிருந்தார்கள்.

"எவ அவ? இப்படியா வந்து நிப்பா!" நெஞ்சைத் தடவிக்கொண்டாள். "டேய், போன தரம் பாத்தது பேயா? இதுடா பேயி. இத போயி வெட்டி வெச்சிருக்க."

வெட்டியதை ஒட்டிவிடலாம் என்று பிரேம் முணுமுணுத்தான்.

ஜோதி அக்கா மேகலா பக்கம் திரும்பினாள். "அந்த வெங்காயத்துகிட்ட கேட்ட குரலு உன்னுதா?"

"ஆமாங்க்கா."

"போனை கீழ வெச்சது படத்துக்குச் சரி. எனக்கு இது சினிமா இல்ல, தொழிலு. தாலி கட்டற நேரம். மேடை ஓரத்துல மாப்பிள்ளையோட அம்மா மயங்கி விழுறாங்க. பக்கத்துல நீ மட்டும்தான் நிக்கற. கேமரா உன் கையில. என்ன செய்வ?"

பிரேம் மறுபடி காலை மிதித்தான். சரியான பதில் எது என்று மேகலாவுக்கும் தெரியும். ஜோதி அக்கா ஒருமுறைகூடத் தாலி கட்டுவதைத் தவறவிட்டதில்லை என்று சுவரில் மாட்டியிருந்த அத்தனை கல்யாணப் படங்களும் சொல்லின.

"கேமராவ கீழ வெச்சிட்டு போயி தூக்குவேங்க்கா" என்றாள்.

"தாலி போயிருமே?"

"போயிரும்."

"அந்த வூட்டுக்காரங்க என்னைய கிழிச்சிருவாங்களே?"

மேகலா மேஜையில் கிடந்த போனைப் பார்த்தாள். "நேத்து வெங்காய மூட்டை இருந்துச்சு, சாய்ச்சு வெச்சேன். அவசரத்துல மூட்டைய பாத்தேன், கேமரா எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாக்கல. இனிமே எங்க நின்னாலும், சாய்க்க ஒரு எடம் பாத்து வெச்சுக்கிட்டுத்தான் நிப்பேன். மேடைய பாத்தாப்புல."

ஜோதி அக்கா எழுந்து உள்ளே போனாள். சாமான்கள் உருளுகிற சத்தம் கேட்டது. வேலை இல்லை என்பதை நேரில் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் உள்ளே போய்விட்டாள் என்று மேகலா நினைத்தாள். போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜோதி அக்கா ஒரு கேமராவோடும் கால் மடக்குகிற ஸ்டாண்டோடும் வெளியே வந்தாள். கேமராவின் வாரை மேகலாவின் கழுத்தில் மாட்டி, நீளத்தைச் சரிசெய்தாள். அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"வேப்பந்தட்டையில ஒரு மஞ்சள் நீராட்டு இருக்கு, வர்ற ஞாயித்துக்கெழம. பொம்பளைங்க பக்கம் நீ பாத்துக்க. ஸ்டாண்ட ஆள் நடக்கற வழியில வெச்ச, தொலைச்சிருவேன். யாராச்சும் விழுந்தா, போ. விழாத நேரத்துல அங்க இங்க நகரக் கூடாது."

பிரேம் நன்றி சொல்வதற்குத் தொண்டையைக் கனைத்தான். எப்போதும் அவன்தான் பேசுவான்.

"வேப்பந்தட்டைக்கு மொத பஸ்ஸு எத்தனை மணிக்குங்க்கா?" என்று கேட்டாள் மேகலா.